பட்டுப்புழு மனைக்கு ஈரமூட்டும் யந்திரம் அவசியமா?

பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்கள் பலர் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. காற்றில் ஈரம் குறைந்த காலங்களில் புழு மனைக்குள் ஈரமூட்டும் யந்திரம் ஒன்றை வாங்கி வைத்தால் நன்மை உண்டாகுமா என்பதே அது. மாசி முதல் வைகாசி வரையில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, திருப்பூர் ஆகிய ஜில்லாக்களின் வறண்ட பகுதிகளில், தட்டில் பரப்பிய மல்பெரி இலை சிறிது நேரத்திற்குள்ளேயே வாடிச் சுருங்குவதைக் கண்டவர்கள் இவ்விதம் கேட்பது இயல்பே. யந்திரம் விற்பவர்களும் அது எல்லா மனைக்கும், எல்லாக் காலத்துக்கும் ஏற்றதென்றே சொல்லுகின்றனர். ஆனால் ஒரே மனையில், ஒரே வளர்ப்பில், முதல் வாரத்துப் புழுவுக்கு எந்த ஈரம் அவசியமோ அதே ஈரம் மூன்றாம் வாரத்துப் புழுவைக் கொன்றுவிடக் கூடும். ஆதலால் பணம் கொடுப்பதற்கு முன் இவ்விஷயத்தைச் சற்று விவரமாக யோசிக்க வேண்டியிருக்கின்றது.

காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். உஷ்ணம் ஏற ஏறக் காற்று அதிகமான நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்ஸியஸ் உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியையே கொள்ளும். 30 டிகிரியில் 30 கிராமும், 35 டிகிரியில் ஏறக்குறைய 40 கிராமும் கொள்ளும். காற்று கொள்ளக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீராவி அதில் இருக்கின்றதோ அதுவே ஈர விகிதம் எனப்படும். விடியற்காலையில் 20 டிகிரியில் பனி பெய்யும்படி நிறைந்து நின்ற காற்று, ஒரு சொட்டு நீரையும் இழக்காமலே, பகலில் 30 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈர விகிதம் நூற்றுக்கு 57 ஆகக் குறைந்துவிடும். 35 டிகிரியில் 43 ஆகிவிடும். பகலில் வறண்டிருக்கும் மனையே இரவு பின்ஜாமத்தில் ஈரம் மிகுந்திருப்பதன் காரணம் இதுதான். பகல் உச்சியில் மனையைப் பார்த்து, "வறட்சி தாங்கவில்லை" என்று முடிவு செய்து, இரவு முழுவதும் யந்திரத்தை ஓடவிடுபவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

இனி, புழுவுக்கு வேண்டுவது யாது என்று பார்ப்போம். பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதன் உடம்பிலுள்ள நீர் முழுவதும் இலையிலிருந்தே கிடைக்கின்றது. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுப் புழு எறும்பினும் சிறியது; அது தின்னவேண்டிய கொழுந்தும் மெல்லியது; காற்று வறண்டிருந்தால் அந்தக் கொழுந்து புழு வாய் வைப்பதற்குள் காய்ந்துபோகும். புழு பட்டினி கிடக்கும், வளர்ச்சி ஒரே சீராக இராது, சில புழுக்கள் தோலைக் கழற்ற மாட்டாமல் தட்டிலேயே மடியும். இதனாலேயே முதல் பருவத்துப் புழுவுக்கு 27 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 85 முதல் 90 வரை ஈரமும், இரண்டாம் பருவத்துக்கு ஏறக்குறைய 85 ஈரமும் வேண்டும் என்று சொல்லப்படுகின்றது. மூன்றாம் பருவத்தில் இது 80 ஆகின்றது. நான்காம் பருவத்தில் 25 டிகிரியும் 70 முதல் 75 வரையும் போதும். ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி உஷ்ணமும் 65 முதல் 70 வரை ஈரமுமே தக்கவை. முட்டைகளை அடைகாக்கும்போதும் நூற்றுக்கு 80 அளவில் ஈரம் அவசியம். அது குறைந்தால் முட்டை ஒரே சமயத்தில் பொரிவதில்லை, சில முட்டைகள் வற்றியும்போகும்.

புழு பருவம் ஏற ஏற அதற்கு வேண்டும் ஈரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவது கவனிக்கத்தக்கது. அன்றியும், இரண்டு சமயங்களில் மனை உலர்ந்தே இருக்கவேண்டும். முதலாவது, புழு தீனியை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டு தோலுரிக்கும் சமயம். அப்போது மெழுகுத் தாள்களை நீக்கி, படுக்கையின்மீது நீற்றுச் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவி, காற்றை உள்ளே விடுவது அனுபவசாலிகள் அனைவரும் செய்வதே. இரண்டாவது, புழு பழுத்துச் சந்திரிகையில் ஏறிக் கூடு கட்டும் சமயம். கூடு கட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு புழுவும் தன் உடம்பிலுள்ள கழிவையும் நீரையும் வெளியேற்றும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இரவில் இவ்வாறு செய்யும்போது மனையின் காற்று தானே ஈரமாகிவிடும். அந்த ஈரத்தை வெளியேற்றாவிட்டால், நூலின்மேலுள்ள பசை விரைவில் உலராமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூற்பவர் கையில் அக்கூடு அடிக்கடி அறுந்துபோகும். சந்தையில் விலையும் தாழ்ந்துவிடும். கூடு கட்டும் மனையில் ஈரம் நூற்றுக்கு 60 முதல் 65 வரை இருப்பதே நலம்.

அதிக ஈரத்தினால் விளையும் பெருந்தீங்கு சுண்ணக்கட்டி நோய். செத்த புழு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகிவிடுவதால் அதற்கு இப்பெயர். இது ஒருவகைப் பூசணத்தால் உண்டாகும் நோய் என்பதை இத்தாலி தேசத்தைச் சேர்ந்த அகோஸ்தினோ பாஸி என்பவர் 1835-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். நுண்ணுயிர் ஒன்றினால் பிராணிக்கு நோய் வரும் என்பதற்கு உலகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்ட உதாரணங்களுள் அது ஒன்று. அப்பூசணத்தின் வித்து காற்றில் பறந்து புழுவின் தோலின்மேல் விழும். வறண்ட காற்றில் அங்கே அநேகமாகச் செயலற்றுக் கிடக்கும். 25 டிகிரியை ஒட்டிய உஷ்ணமும் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட ஈரமும் கூடினால் முளைத்துத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்நோய் மிகுவது இதனால்தான். உஷ்ணமும் ஈரமும் சேர்ந்து மிகும் மாதங்களிலோ படுக்கை புளித்து, புழு தளர்ந்து தட்டையாகிச் சாகும் நோய் தலைகாட்டும். சுண்ணக்கட்டியால் செத்த புழுவின் மேலெல்லாம் கோடிக்கணக்கான வித்துக்கள் மூடிக்கிடப்பதால், அவ்வளர்ப்போடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. அடுத்த வளர்ப்புக்கும் அது மனையிலேயே தங்கிவிடுகின்றது.

ஒரு குடியானவர் நூறு முட்டைத் தொகுதிக்குரிய இளம்புழுக்களை வாங்கி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அடைமழைக் காலமாகையால் ஜன்னல்களை மூடிவிட்டு, யந்திரமும் கையில் இருப்பதால், நான்காம் பருவத்திலும் அதை ஓடவிடுகின்றார். இரண்டு மூன்று நாட்களுக்குப் புழு செழிப்பாகவே காணும்; இலையும் வாடாது. பிறகு தீனியில் சுருக்கம் உண்டாகி, ஐந்தாம் பருவத்தில், இலைச் செலவும் கூலியும் பெரும்பகுதி ஆகிவிட்ட நிலையில், புழுக்கள் விறைத்து வெளுக்கத் தொடங்கும். இருபது நாளைய உழைப்பு ஒரு வாரத்துக்குள் குப்பைக் குழிக்குப் போய்விடும். யந்திரம் வாங்கிய பணத்தைவிடப் பன்மடங்கு பெரிய நஷ்டம் இது.

முற்காலத்தவர் இவ்வளவு யோசித்தார்களா என்று சிலர் கேட்கலாம். 1956-ஆம் வருஷத்தில் ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டு மைசூருடன் சேர்க்கப்படும் வரையில், கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பேர்போன இடமாக இருந்தது. அங்கே குடும்பத்தார் வசித்த வீட்டிலேயே மூங்கில் தட்டுக்களை அடுக்கிப் புழு வளர்த்தனர். அவர்கள் வளர்த்த மைசூர் நாட்டு இனம் கூட்டில் நூல் குறைவாயினும் வெயிலையும் வறட்சியையும் தாங்கவல்லது. தற்காலத்தில் பெரிதும் வளர்க்கப்படும் வெண்பட்டு இனங்கள் நூல் மிகுதியாகத் தருவன; ஆனால் சீதோஷ்ண மாறுதலைப் பொறுக்கமாட்டாதவை. ஆகவே அக்காலத்து அசட்டையை இக்காலத்து இனத்தினிடம் காட்டலாகாது.

எனவே முதலில் வாங்கத்தக்க கருவி ஈரமூட்டும் யந்திரம் அன்று. ஈரமும் உஷ்ணமும் அளக்கும் கருவியே. உலர்ந்த குமிழ், நனைந்த குமிழ் என்னும் இரண்டு உஷ்ணமானிகளை ஒரே பலகையில் பொருத்திய சாதனம் சகாயமான விலைக்குக் கிடைக்கின்றது. ஒன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, அதன் நுனி நீரில் தோய்ந்திருக்கும். நீர் ஆவியாவதால் அக்குமிழ் குளிர்ந்து குறைந்த அளவைக் காட்டும். காற்று வறண்டிருக்குமளவுக்கு இரண்டின் வித்தியாசமும் அதிகப்படும். உலர்ந்தது 27, நனைந்தது 25 என்று காட்டினால் ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு 85. இளம்புழுவுக்கு ஏற்ற நிலை. உலர்ந்தது 25, நனைந்தது 21 என்றால் ஏறக்குறைய 70. முதிர்புழுவுக்கு இதுவே வேண்டும். உலர்ந்தது 32, நனைந்தது 22 என்று பத்து டிகிரி வித்தியாசம் இருப்பின் ஈரம் 40-ஐ ஒட்டியே நிற்கின்றது என்று அறியலாம். கருவியைத் தட்டின் உயரத்தில், கதவண்டையிலும் சுவரோடும் ஒட்டாமல் தொங்கவிட வேண்டும். துணியில் உப்புப் பூத்தால் அளவு பொய்யாகும்; ஆகையால் கிணற்று நீர் வார்க்காமல் மழை நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ வார்ப்பது நல்லது.

எண்களால் நேரே ஈரத்தைக் காட்டும் மின்கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை வசதியானவையே, ஆயினும் நாளடைவில் பிசகக்கூடியவை. அவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, குழைவாகும் மட்டும் சில துளி நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். உப்புக் குழம்பு, தன்னைச் சூழ்ந்த காற்றை எப்போதும் நூற்றுக்கு 75 அளவிலேயே நிறுத்தும் தன்மையது. மறுநாட் காலையில் கருவி 75-க்குப் பதிலாக 68 என்று காட்டினால், அது ஏழு குறைத்துச் சொல்லுகின்றது என்று குறித்துக்கொள்ளலாம்.

காலை, நடுப்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் ஒரு வளர்ப்பு முழுவதும் அளவைக் குறித்துவந்தால், யந்திரம் வேண்டுமா என்னும் கேள்விக்குப் பாதி விடை அக்குறிப்பிலேயே கிடைத்துவிடும். அநேகருக்கு இது வேண்டியதில்லை என்றே தெரியவரும். ஏனெனில், இப்போது பெரும்பாலான குடியானவர்கள் இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து இரண்டாம் தோலுரிப்புக் கடந்த புழுக்களையே வாங்குகின்றனர். ஈரம் மிகுதியாக வேண்டிய முதல் வாரம் அந்த மையத்திலேயே கழிந்துவிடுகின்றது.

தாமே குஞ்சுப் புழு வளர்ப்பவர்களுக்கும் எவ்வளவு நீர் வேண்டும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் 28 கன மீட்டர் காற்று இருக்கும். 27 டிகிரியில் அதன் ஈரத்தை 50-லிருந்து 85-க்கு உயர்த்தக் கால் லிட்டர் நீர் ஆவியானால் போதும். மணிக்கு ஒருமுறை அறையின் காற்று மாறுவதாக வைத்துக்கொண்டாலும் மணிக்குக் கால் லிட்டரே தேவை. இதனை நனைத்த கோணிச் சாக்கை வாயிலில் தொங்கவிட்டும், தரையில் மணல் பரப்பி நீர் தெளித்தும் பெற்றுவிடலாம். அதனினும் சிறந்தது, அறை முழுவதையும் ஈரமாக்காமல் தட்டை மாத்திரம் ஈரமாக வைப்பது. தட்டின் அடியில் ஒரு மெழுகுத் தாள், புழுப் படுக்கையைச் சுற்றி நனைத்த ஸ்பாஞ்சுப் பட்டைகள், மேலே மற்றொரு மெழுகுத் தாள். தீனி போடுவதற்கு அரை மணி முன்னதாக மேல் தாளை எடுத்துக் காற்றுப்படவிட வேண்டும். செலவு சொற்பம், தோலுரிப்பு வந்தவுடன் ஒரு நொடியில் நீக்கிவிடலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். சாக்கையும் ஸ்பாஞ்சையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் அலசி வெயிலில் உலர்த்தாவிட்டால் அவையே பூசணத்துக்கு வீடாகிவிடும்.

முதிர்புழு மனையின் கணக்கு வேறு. ஐம்பதடி நீளம், இருபதடி அகலம், பன்னிரண்டடி உயரமுள்ள மனையில் 340 கன மீட்டர் காற்று உண்டு. 27 டிகிரியில் ஈரத்தை 45-லிருந்து 70-க்கு ஏற்ற ஒரு தடவைக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் வேண்டும். ஆனால் முதிர்புழுவுக்குக் காற்றோட்டம் உயிர்போன்றது. ஜன்னல்களைத் திறந்து மணிக்குப் பத்துமுறை காற்று மாறும்படி செய்தால், மணிக்கு இருபது லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வேண்டும். வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் சிறு யந்திரமோ மணிக்குக் கால் லிட்டர், அல்லது சற்று அதிகம், அவ்வளவே கொடுக்கும். ஜன்னலைத் திறந்தால் அது பயனற்றது. மூடினால் புழுவின் கழிவிலிருந்து எழும் அமோனியாவும் கெட்ட காற்றும் உள்ளே தங்கிவிடும். மேலும், நூறு முட்டைத் தொகுதிக்கு ஐந்தாம் பருவத்தில் நாளொன்றுக்கு நூறு கிலோவுக்குக் குறையாமல் இலை செல்லும். இலையின் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. நாள்தோறும் எழுபது லிட்டர் நீரை இலை வடிவில் மனைக்குள் சுமந்து வருபவர் அதற்குமேல் யந்திரம் வைத்து ஈரமூட்ட வேண்டிய நாட்கள் மிகச் சிலவே. கோடையில் அவருக்குள்ள உண்மையான தொல்லை உஷ்ணம். கூரைமேல் தென்னங்கீற்று வேய்தல், வெள்ளையடித்தல், கூரையில் நீர் தெளித்தல், மேற்குப் பக்கம் மர நிழல் உண்டாக்குதல் ஆகியவை அதற்கு வழி. அவை போதாவிடில், நனைந்த தட்டி வழியாக வெளிக்காற்றை இழுத்து வீசும் ஏர்கூலர் உஷ்ணத்தைத் தணித்து ஈரத்தையும் கூட்டும். எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் ஒரு விசேஷம் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள அப்பிரதேசத்தில் இரவில் இளம்புழு அறைக்குச் சூடேற்றுவது அவசியம். 16 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 26 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரம் நூற்றுக்கு 56-க்கு இறங்கிவிடும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே கொழுந்து காய்வதைக் கண்டு வியப்பவர்கள் இதை உணரவேண்டும். கணப்பின்மீது அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்தால் ஒரே காரியத்தில் இரண்டும் நிறைவேறும். இங்கே குளிர்ந்த பனிப்புகை வீசும் யந்திரத்தை வைப்பது தகாது; நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தை இழுத்துக்கொள்வதால் அறை மேலும் குளிர்ந்துவிடும்.

யந்திரம் யாருக்குத் தகும் எனில், பல குடியானவர்களுக்காகச் சேர்த்து இளம்புழு வளர்க்கும் மையங்களுக்குத் தகும். அங்கே தட்டுக்கள் அதிகம், ஆட்கள் குறைவு, முதல் வாரத்துப் புழுவே ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து இருக்கும். கோடையில் தாமே குஞ்சுப் புழு வளர்ப்பவர், மெழுகுத் தாளும் நனைந்த சாக்கும் வைத்தும் ஈரம் 75-க்கு மேல் ஏறவில்லை என்று குறிப்பில் கண்டால், அவரும் வாங்கலாம். மானியத்தில் கருவிகள் வழங்கப்படும்போது விண்ணப்பங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகளும், விண்ணப்பதாரர் இளம்புழு வளர்ப்பவரா, முதிர்புழு மாத்திரம் வளர்ப்பவரா என்று விசாரித்துக்கொள்வது நலம்.

வாங்குபவர் குறித்த ஈரம் வந்ததும் தானே நின்றுவிடும் அமைப்புடைய யந்திரத்தையே தேடவேண்டும். அந்த அமைப்பில்லாததை இரவில் கவனிக்க ஆள் வேண்டும். நுண்ணொலியால் நீரைப் புகையாக்கும் வகையில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால், நீரிலுள்ள சுண்ணாம்பு முதலான உப்புக்கள் வெண்தூளாகப் பறந்து கொழுந்தின்மேல் படியும். புழு அதைத் தின்னத் தயங்கும். மழை நீரோ சுத்திகரித்த நீரோ இருந்தாலன்றி அவ்வகையை விலக்க வேண்டும். ஈரப் பஞ்சின் வழியே காற்றை வீசும் வகையில் இத்தூள் பறப்பதில்லை. ஆனால் பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். எதுவாயினும் புகை நேரே தட்டின்மேல் விழாதபடி, அறையின் நடுவே சற்று உயரத்தில், சுவருக்கு ஓரடிக்கு மேல் விலக்கி வைப்பது அவசியம். இலையின்மேல் நீர் துளித்து நின்றால் யந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். தொட்டியின் நீரைத் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். தேங்கிய நீரில் வளரும் கிருமிகளையும் பூசணத்தையும் அறை முழுவதும் பரப்ப இதைவிடச் சுலபமான உபாயம் இல்லை.

இவ்யந்திரத்தை வளர்ப்பு இல்லாத நாட்களில் வீட்டார் படுக்கும் அறைக்கு எடுத்துச் செல்லலாமா என்றும் கேட்கப்படுகின்றது. மனிதருக்கு நூற்றுக்கு 40 முதல் 60 வரை ஈரம் இருந்தால் போதும். 30-க்குக் கீழ் இறங்கினால்தான் தொண்டை வறட்சியும் தோல் வெடிப்பும் தோன்றும். 60-க்கு மேல் நெடுநாள் நின்றால் சுவரில் பூசணம் பிடித்து இருமல், இரைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். நமது பிரதேசத்தில் ஆண்டின் பெரும்பகுதி வீட்டுக் காற்று அவ்வளவு வறள்வதில்லை. அன்றியும், புழு மனையில் ஓடிய யந்திரத்தின் உட்புறத்தில் பூசண வித்தும், மனைக்குத் தெளித்த பார்மலின் முதலிய மருந்துகளின் மிச்சமும் தங்கியிருக்கக் கூடும். வீட்டிலிருந்து மனைக்குக் கொண்டுபோனாலும் அழுக்கு அவ்வழியே செல்லும். ஆகையால் வளர்ப்பு முடிந்ததும் தொட்டியையும் குழாயையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரில் மறுபடி அலசி, வெயிலில் நன்கு உலர்த்தி, அடுத்த முட்டை வரும்வரை மூடிக் கட்டி மனையின் பொருள்களோடு வைத்துவிடுவதே முறை.